டாக்டர் வருவது காதில் விழட்டும்!

காட்டில் மரம் சாய்ந்து ஒரு தொழிலாளி அடியில் சிக்கிக்கொள்கிறார். தகவல் வந்ததும் டாக்டர் காரில் பறக்கிறார். ஹாரனில் வைத்த கட்டைவிரலை எடுக்கவே இல்லை. எதிரே வருகிற வண்டிகள் ஒதுங்க வேண்டும் என்பது ஒரு காரணம். மரத்தடியில் கிடப்பவர் காதில் அந்தச் சத்தம் விழுந்தால், டாக்டர் வருகிறார் என்று தெரிந்துகொள்வாரே என்பது இன்னொன்று. ஊசி, மருந்துக்கு முன்னால் ஹாரனே சிகிச்சையைத் தொடங்கிவிடுகிறது.

எழுத்தாளர் ஜான் பெர்ஜர் 1967-இல் எழுதிய ‘எ ஃபார்ச்சுனேட் மேன்’ தொடங்குவது இந்தக் காட்சியில்தான். இங்கிலாந்தின் க்ளஸ்டர்ஷர் பகுதியில், காட்டை ஒட்டிய கிராமங்களுக்கு ஒரே டாக்டராக இருந்தவரின் கதை இது. புத்தகத்தில் அவர் பெயர் சாசல். அவரோடு பெர்ஜரும் ஜெனிவாவைச் சேர்ந்த புகைப்படக்காரர் ழான் மோரும் சில வாரங்கள் தங்கி, போன இடமெல்லாம் கூடப் போனார்கள்.

சாசல் முன்பு கடற்படை டாக்டர். ஆரம்பத்தில் உயிர் ஊசலாடுகிற அவசரக் கேஸ்களில்தான் அவருக்கு ஆர்வம். சின்னச் சின்ன உபாதை சொல்லி வருகிறவர்களைக் கண்டால் பொறுமை இருக்காது. பிறகுதான் மாறுகிறார்: பேச விடுகிறார், காத்திருக்கிறார். நோயாளி முதலில் எதிர்பார்ப்பது, தன்னை ஒரு மனிதராக எதிரே இருப்பவர் கண்டுகொள்ள வேண்டும் என்பதைத்தான் என்கிறார் பெர்ஜர்.

இதற்கு நேரெதிரான பரிசோதனை, பெர்ஜரும் மோரும் சேர்ந்து செய்த ‘எ செவன்த் மேன்’ (1975) நூலில் இருக்கிறது. ஜெர்மனிக்கு வேலைக்குப் போகத் துடிக்கும் துருக்கி ஆண்களை இஸ்தான்புல்லில் உள்ளாடையோடு வரிசையில் நிறுத்தி, உடம்பு உழைக்குமா என்று பார்க்கிறார்கள் டாக்டர்கள். இது மோர் எடுத்த படம். அங்கேயும் டாக்டர், அங்கேயும் உடம்பு, கேள்விதான் வேறு. ‘ஜி.’ நாவலுக்கு 1972-இல் கிடைத்த புக்கர் பரிசில் பாதியை பிரிட்டனின் பிளாக் பாந்தர்கள் என்ற கறுப்பின உரிமை இயக்கத்துக்குக் கொடுத்த பெர்ஜர், மீதியை இந்த நூலுக்கான வேலைக்கு வைத்துக்கொண்டார்.

பெர்ஜரும் மோரும் பிறகு சேர்ந்து செய்த ‘அனதர் வே ஆஃப் டெல்லிங்’ (1982) புகைப்படத்தைப் பற்றியது. அதில் மார்செல் என்கிற மாடு வளர்க்கும் விவசாயி வருகிறார். மோர் தன்னிஷ்டத்துக்கு எடுத்த படங்கள் அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஒருநாள் சவரம் செய்து, தலை வாரி, இஸ்திரி போட்ட சட்டையோடு தானே வந்து நிற்கிறார். இடுப்பு வரை தெரியும்படி எடுக்கச் சொல்கிறார். கொள்ளுப்பேரன் பார்க்கப்போகிற படம் அல்லவா! எடுக்கப்படுகிறவருக்கும் படத்தில் உரிமை உண்டு என்பதை இதைவிட அழகாகச் சொல்லும் பக்கங்களை நான் படித்ததில்லை.

மீண்டும் டாக்டர் சாசலுக்கு வருவோம். அவருடைய முடிவு நல்லதாக இல்லை. மனைவி இறந்த மறு வருடம், 1982-இல், அவர் தற்கொலை செய்துகொண்டார். ‘எ ஃபார்ச்சுனேட் மேன்’ நூலில் பிற்காலத்தில் சேர்த்த பின்னுரையில் பெர்ஜர் அதற்குக் காரணம் கற்பிக்கவில்லை. அதை அவருடைய பெரிய நேர்மை என்பேன்.

பெர்ஜர் என்றதும் எல்லோரும் கைகாட்டுவது ‘வேஸ் ஆஃப் சீயிங்’. அது கெட்டிக்காரத்தனமான புத்தகம், சந்தேகமில்லை. ஆனால் தொடங்குவதென்றால் அந்த டாக்டரிடமிருந்து தொடங்குங்கள். பின்னுரை உள்ள பதிப்புதானா என்று பார்த்து வாங்குங்கள்.