ஆளுமை வகையும் நாட்டமும்: யுங் கோட்பாட்டின் பயனும் எல்லையும்

தோற்றுவாய்

மக்கள் அனைவரும் அறிவும் உணர்வும் உடையரேனும், ஒரு பொருளை நோக்கும் முறையில் அவர்தம்முள் வேற்றுமை பெரிதும் காணப்படுகின்றது. ஒருவர் பலரோடு உரையாடியே தம் கருத்தைத் தெளிவுபடுத்திக் கொள்வர். மற்றொருவர் தனித்திருந்து எண்ணி முடித்த பின்னரே வாய் திறப்பர். ஒருவர் கண்முன் உள்ள சான்றுகளை ஒவ்வொன்றாக எண்ணிச் செல்வர். மற்றொருவர் அவற்றிடையே உள்ள தொடர்பினையே முதற்கண் நாடுவர். இவ்வேற்றுமைகளை வகைப்படுத்திக் காணும் முயற்சி மேனாட்டில் மிகப் பழமையானது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலன், உடலின் நீர்மங்கள் நான்கன் கலப்பிற்கேற்ப மக்கள் இயல்பு வேறுபடும் என்னும் கொள்கையை விரித்துரைத்தார்.

இருபதாம் நூற்றாண்டில் இம்முயற்சிக்குப் புத்துருவம் தந்தவர் சுவிட்சர்லாந்து நாட்டு உளநூல் அறிஞர் கார்ல் குசுத்தாவ் யுங் ஆவர். அவர் வகுத்த நெறி, பின்னர் அமெரிக்காவில் வினாநிரலாக வடிவு பெற்று, இன்று கல்வி நிலையங்களிலும் தொழிலகங்களிலும் பரவலாக வழங்குகின்றது. விடையளித்தோர் தம் வகையின் பெயரைப் பட்டம் போலத் தாங்குதலும், பிறர் வகையைக் கேட்டறிந்த அளவிலேயே அவர்தம் தகுதியை அளந்து விடுதலும் உண்டு. இந்நெறியின் உண்மைப் பொருள் யாது? அது எவ்வளவிற்குப் பயன்படும்? எவ்விடத்தில் நிற்றல் வேண்டும்? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோட்பாடு எழுந்த வரலாறு

யுங் (1875–1961), சூரிக்கு நகரின் பர்கோல்சிலி மனநோய் மருத்துவமனையில் பணியாற்றிய காலத்திலேயே பிராய்டின் நூல்களைக் கற்று, 1907இல் வியன்னா சென்று அவரை நேரிற் கண்டார். இருவர்க்குமிடையே தோன்றிய நட்பு 1913இல் முறிந்தது. அதற்கு முன்னரே, 1911இல், ஆல்பிரட் அட்லரும் பிராய்டின் குழுவினின்று நீங்கியிருந்தார். ஒரே துறையில் ஒரே வகை நோயாளரை ஆராய்ந்த நுண்ணறிவாளர் இங்ஙனம் வேறுபட்டமைக்குக் காரணம் யாது என்பதனை யுங் ஆராயத் தலைப்பட்டார்.

பிராய்டு, நோயாளர்க்கும் அவர் அன்பு கொண்ட பிறர்க்கும் உள்ள உறவிலே நோயின் மூலத்தைக் கண்டார். அட்லர், நோயாளர் தம்மைத் தாழ்வாக உணர்ந்து, அத்தாழ்வை வென்று மேல்நிலை எய்த முயலும் முயற்சியிலே அதனைக் கண்டார். முன்னவர்க்குப் புறத்தேயுள்ள ஆளும் பொருளும் முதன்மையாயின. பின்னவர்க்குத் தன்னிலையே முதன்மையாயிற்று. ஒரே நோயாளரின் வரலாற்றை இவ்விரு கொள்கைகளாலும் விளக்க இயலும் என்று யுங் எடுத்துக்காட்டினார். ஆகவே வேறுபாட்டின் வேர் ஆராயப்படும் பொருளிடத்து மட்டுமன்றி ஆராய்வாரிடத்தும் உள்ளது என்னும் முடிபிற்கு அவர் வந்தார். 1913 செப்டம்பரில் மியூனிக்கு நகரில் கூடிய உளப்பகுப்பாய்வு மாநாட்டில் இக்கருத்தின் முதல் வடிவத்தை உரையாக வழங்கினார். அமெரிக்க மெய்யியலார் வில்லியம் சேம்சு 1907இல் வெளியிட்ட நூலில், மெய்யியலாரை வன்மனத்தார் எனவும் மென்மனத்தார் எனவும் பகுத்திருந்ததும் அவர்க்குத் துணையாயிற்று. 1921இல் ‘உளவியல் வகைகள்’ என்னும் பெருநூல் செருமன் மொழியில் வெளிவந்தது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1923இல் தோன்றியது.

இவ்வரலாறு நினைவிற் கொள்ளத்தக்கது. அறிஞரிடையே நேர்ந்த பிரிவு கசப்புடையதாயினும், அதனையே ஆராய்ச்சிக்குரிய பொருளாகக் கொண்டதன் பயனாக இக்கோட்பாடு உருப்பெற்றது. மாறுபட்டு நிற்பாரைப் பழித்தற்கு முன், அவர் பொருளை எவ்வழி நோக்குகின்றார் என்று வினவுதலே இதன் உயிர்நிலை எனலாம்.

கோட்பாட்டின் அமைப்பு

யுங் முதற்கண் இரண்டு நிலைகளை வகுத்தார். உள்ளத்தின் ஆற்றல் புறவுலகை நோக்கிச் செல்லும் நிலை புறமுகம். தன் அகத்தை நோக்கித் திரும்பும் நிலை அகமுகம். அடுத்து நான்கு செயற்பாடுகளைக் கூறினார். புலனுணர்வு, ஒரு பொருள் உள்ளது என்று அறிவிக்கின்றது. சிந்தனை, அது யாது என்று வரையறுக்கின்றது. மதிப்புணர்வு, அது நமக்கு எத்தகைய மதிப்புடையது என்று தெரிவிக்கின்றது. உள்ளுணர்வு, அஃது எங்கிருந்து வந்தது, எதுவாகக் கூடும் என்பவற்றைக் குறிப்பால் உணர்த்துகின்றது. இவற்றுள் சிந்தனையும் மதிப்புணர்வும் ஆய்ந்து முடிவு செய்வன. புலனுணர்வும் உள்ளுணர்வும் முடிவு செய்யாது ஏற்றுக் காண்பன. இரு நிலைகளும் நான்கு செயற்பாடுகளும் உறழ, வகைகள் எட்டாகின்றன.

ஈண்டு ஒரு கலைச்சொல் பற்றிக் கூறுதல் வேண்டும். மேலே மதிப்புணர்வு எனப்பட்டதனை ‘உணர்ச்சி’ என்று பெயர்த்தலும் உண்டு. அச்சொல் அழுகை, வெகுளி முதலிய மெய்ப்பாடுகளை நினைவூட்டுவதால், அவ்வகையினர் உணர்ச்சிவயப்படுவோர் எனவும், சிந்தனை வகையினர் நெஞ்சில் ஈரமற்றோர் எனவும் பொருள்கொள்ள இடந்தருகின்றது. யுங் கருதியது அதுவன்று. உணர்ச்சிக் கொந்தளிப்பை அவர் வேறாகப் பிரித்து, இச்செயற்பாட்டைச் சிந்தனையோடு ஒப்ப முறைமையுடைய மதிப்பீட்டுச் செயலாகவே கொண்டார். கலைச்சொல் பிழைபட்டால் கோட்பாடே பிழைபட உணரப்படும் என்பதற்கு இஃது ஒரு சான்றாகும்.

எச்செயற்பாடும் எவரிடத்தும் முற்றிலும் இல்லாமற் போவதில்லை. ஒன்று மிகுதியாகப் பயின்று தலைமை பெறுகின்றது. அதற்கு மறுதலையானது வளர்ச்சி குன்றி நனவிலி உள்ளத்தில் தங்குகின்றது. சிந்தனை தலைமை பெற்றவரிடத்து மதிப்புணர்வு பின்தங்கும். பின்தங்கியது வேண்டாத நேரத்திற் பண்படாத வடிவில் வெளிப்படும். அதனையும் அறிந்து, அதற்கும் உரிய இடந்தந்து, முழுமை நோக்கி வளர்தலை வாழ்வின் பிற்பகுதிக்குரிய கடமையாக யுங் கருதினார். எனவே, வகையை அறிதல் அவர்க்கு வளர்ச்சியின் தொடக்கமாக இருந்தது. தம் நூலின் ஆர்சென்டினப் பதிப்பிற்கு 1934இல் எழுதிய முன்னுரையில், மக்களுக்குப் பெயர் சூட்டிப் பிரித்து வைத்தல் தம் கருத்தன்று என்று அவரே வெளிப்படையாக மறுத்துள்ளார்.

வினாநிரலாக மாறியமை

காதரின் குக் பிரிக்சு (1875–1968) என்னும் அமெரிக்க அம்மையார், யுங்கின் நூலைக் காண்பதற்கு முன்னரே மக்கள் இயல்புகளைத் தம் போக்கில் வகைப்படுத்தி வந்தார். 1923இல் வந்த மொழிபெயர்ப்பைக் கற்றதும், தம் பகுப்பினும் அது விரிவுடையது என உணர்ந்து அதனையே மேற்கொண்டார். அவர் மகளார் இசபெல் பிரிக்சு மையர்சு (1897–1980), இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், புதிதாகப் பணி புகுவோர் தம் இயல்புக்கேற்ற தொழிலைத் தெரிந்துகொள்ள உதவும் நோக்குடன் வினாக்களைத் தொகுக்கத் தொடங்கினார். உளநூலில் முறையான பட்டம் பெறாதவரேனும் அவர் பல்லாண்டு இடையறாது உழைத்தார். மருத்துவ மாணவர் ஐயாயிரவர்க்கு மேற்பட்டோரிடம் விடைகளைத் திரட்டினார். 1962இல் அமெரிக்கக் கல்வித் தேர்வு நிறுவனம் ஒன்று அதனை ஆராய்ச்சிக் கருவியாக வெளியிட்டது. 1975 முதல் வேறொரு பதிப்பகத்தின் வழியாக அது பெருவழக்குப் பெற்றது.

மையர்சு, யுங்கின் பகுப்போடு நான்காவது இணை ஒன்றினைத் தெளிவாகச் சேர்த்தார். புறவுலக வாழ்வில் செய்வனவற்றை முன்னரே முடிவு செய்து ஒழுங்குபடுத்த விரும்புதல் துணிபு நாட்டம். முடிவை ஒத்திவைத்து, வருவனவற்றை ஏற்று நோக்க விரும்புதல் ஏற்பு நாட்டம். புறமுகம்–அகமுகம், புலனுணர்வு–உள்ளுணர்வு, சிந்தனை–மதிப்புணர்வு, துணிபு–ஏற்பு என்னும் நான்கு இணைகளும் உறழ, வகைகள் பதினாறாயின.

இங்கு ‘நாட்டம்’ என்னும் சொல்லே திறவுகோலாகும். நாட்டம் வேறு, திறன் வேறு. வலக்கைப் பழக்கமுடையார் இடக்கையாலும் எழுத இயலும். ஆயின் அதற்கு முயற்சி மிகுதியாக வேண்டும். மையர்சு வழியினர் எடுத்துக்காட்டும் இவ்வுவமை, நாட்டத்தின் தன்மையை நன்கு விளக்குகின்றது. சிந்தனை நாட்டமுடையார் என்பதனால் ஒருவர் தருக்க வல்லார் என்பது பெறப்படாது. அகமுகத்தார் என்பதனால் ஒருவர் நாவலர் ஆகார் என்பதும் பெறப்படாது.

தன்னை அறிதற்கு உதவுமாறு

ஆராய்ச்சித் துறையிலிருந்தே எடுத்துக்காட்டுகள் கூறலாம். உள்ளுணர்வு நாட்டமுடைய ஆராய்ச்சியாளர் நான்கைந்து இடங்களைக் கண்ட அளவிலே பொதுவிதி ஒன்றைக் கண்டுவிடுவர். எஞ்சிய இடங்களை எண்ணிப் பார்த்தல் அவர்க்குச் சுமையாகத் தோன்றும். விதிக்கு மாறான இடங்களைத் தனியே தொகுத்தற்கென்று காலம் ஒதுக்குதல் அவர்க்கு இன்றியமையாதது. புலனுணர்வு நாட்டமுடையாரோ பல்லாண்டு குறிப்பட்டைகளைச் சேர்த்துக்கொண்டே செல்வர். சான்றுகள் நிரம்பவில்லை என்னும் எண்ணம் அவரை முடிபுரைக்க விடாது. ஒவ்வோர் இயல் முடிவிலும், பின்னர் மாற்றத்தக்கதாகவேனும், ஒரு கருதுகோளை எழுதிப் பார்த்தல் அவர்க்கு நன்மை தரும். துணிபு நாட்டமுடையார் முதலில் வகுத்த பொருளடக்கத்தைப் புதிய சான்று கிடைத்த பின்னும் விடாது பற்றுதல் கூடும். ஏற்பு நாட்டமுடையார் பொருளடக்கத்தையே வகுக்காது காலத்தைக் கழித்தல் கூடும்.

இவற்றுள் எதுவும் குற்றமன்று, எதுவும் சிறப்புமன்று. தமக்கு எளிதாக வருவது யாது, தாம் தட்டிக் கழிப்பது யாது என்று ஒருவர் நேர்மையாக நோக்கினால், தம் பயிற்சியில் எங்கே குறையுள்ளது என்பது புலனாகும். ‘என் வகை இது, ஆதலின் இஃது எனக்கு இயலாது’ என்று கூறுவார் கோட்பாட்டைத் தலைகீழாகக் கொண்டவராவர்.

உடன் பணியாற்றுதல்

நெறியாளர் ஒருவர் புறமுகத்தார் என்றும், அவரிடம் பயிலும் மாணவர் அகமுகத்தார் என்றும் கொள்வோம். நெறியாளர் வினா எழுப்பி உடனே விடையை எதிர்பார்ப்பர். மாணவர் வாளா இருப்பர். அம்மௌனத்தை அறியாமை என்று நெறியாளர் கருதுவர்; நெறியாளரின் விரைவைச் சினம் என்று மாணவர் கருதுவர். ஓராண்டு இவ்வாறு கழியின், நல்ல ஆராய்ச்சி ஒன்று தொடக்கத்திலேயே கெடும். வினாக்களை முன்னாளே எழுதித் தந்து மறுநாள் உரையாடினால் அக்கேடு நீங்கும். எளிய இம்மாற்றத்திற்கு வினாநிரலும் வேண்டா. இருவர் இயல்பும் வேறாதல் கூடும் என்னும் நினைவே போதும்.

பதிப்புக் குழுவிலும் இதனைக் காணலாம். சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடுகளை எழுத்தெழுத்தாகக் குறிப்பவரும், அவற்றினூடே சுவடிகளின் வழிமுறையை உய்த்துணர்பவரும் ஒருவர்க்கொருவர் இன்றியமையாதவர். கருத்து மாறுபடும்போது, சிந்தனை நாட்டமுடையார் குற்றத்தை முதலில் எடுத்துரைத்தலே உதவி எனக் கருதுவர். மதிப்புணர்வு நாட்டமுடையார் உழைப்பின் பயனை முதலில் உணர்ந்துரைத்தலே முறை எனக் கருதுவர். இரு திறத்தாரும் நலமே நாடுகின்றனர் என்பது தெளிந்தால், திறனாய்வு பகையாக மாறுதல் குறையும்.

தடைகளும் விடைகளும்

இக்கோட்பாட்டிற்கும் இதன் கருவிக்கும் அறிஞர் கூறும் தடைகள் வலியுடையன. முதலாவது, வகைகள் உண்மையில் தனித்தனிக் கூறுகளாக உள்ளனவா என்பது. மதிப்பெண்களைத் தொகுத்து நோக்கினால் மக்கள் இருமுனைகளில் குவியாமல் நடுப்பகுதியிலேயே மிகுதியாக அமைகின்றனர். நூறு அலகுடைய ஓர் அளவுகோலை நடுவில் வெட்டினால், 49 பெற்றவரும் 51 பெற்றவரும் வெவ்வேறு வகையினராவர். 51 பெற்றவரும் 99 பெற்றவரும் ஒரே வகையினராவர். அமெரிக்க அறிஞர் மக்ரேயும் கோசுட்டாவும் 1989இல் வெளியிட்ட ஆய்வில், இந்நான்கு இணைகளும் ஆளுமையின் ஐந்து பண்பளவைகளுள் நான்கனோடு தொடர்புடையன என்றும், தனித்த வகைகள் உள்ளன என்பதற்குச் சான்றில்லை என்றும் காட்டினர். உளக்கலக்கம் என்னும் ஐந்தாவது அளவை இக்கருவியில் இடம்பெறவில்லை.

இரண்டாவது தடை நிலைபேறு பற்றியது. ஐந்து வாரங்கட்குப் பின் மீண்டும் விடையளித்தோருள் பாதியளவினர் ஓர் இணையிலேனும் மாறி அமைந்தனர் என்னும் ஆய்வு முடிபைப் பிட்டெங்கர் 1993இல் எடுத்துக்காட்டினார். நடுவில் நிற்பார் மிகுதியாதலின் இது வியப்பன்று.

மூன்றாவது, விடையளிப்போர் ‘இஃது என்னையே கூறுகின்றது’ என்று வியத்தல் சான்றாகாது என்பது. பெர்ட்ரம் போரர் தம் மாணவர் 39 பேர்க்கும் ஒரே குணவிளக்கத்தைத் தனித்தனியே தந்து, அது தமக்கு எவ்வளவு பொருந்துகின்றது என்று மதிப்பிடச் செய்தார். 5க்குச் சராசரி 4.26 என அவர்கள் மதிப்பிட்டனர். இவ்வாய்வு 1949இல் வெளிவந்தது. பொதுப்படக் கூறும் இனிய சொற்கள் எவர்க்கும் பொருந்துவனவாகத் தோன்றும் என்பது இதனால் விளங்கும். தொழில் வழிகாட்டலில் இக்கருவியைப் பயன்படுத்தற்குப் போதிய ஆய்வுச் சான்றில்லை என்று அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தின் 1991ஆம் ஆண்டு அறிக்கையும் கூறிற்று.

இத்தடைகள் அனைத்தும் கருவியை அளவுகோலாகவும் தீர்ப்பாகவும் கொள்வாரை மறுப்பன. ஒருவரைப் பணிக்குத் தெரிந்தெடுத்தற்கோ, ஆராய்ச்சி மாணவராகச் சேர்த்தற்கோ இதனை அடிப்படையாகக் கொள்ளுதல் தவறு. அக்கருவிக்குரியோரே ஆட்டேர்விற்கு அதனைப் பயன்படுத்தலாகாது என்று விலக்கியுள்ளனர். தகுதியை அறிய வேண்டின் ஒருவர் செய்த வினையை நோக்குதலே நேரிய வழி. ஆயின், தம் பழக்கங்களைத் தாமே உற்று நோக்குதற்கும், பிறர் போக்கினைப் பொறுத்து உணர்தற்கும் யுங் தந்த சொற்கள் துணை செய்வதனை இத்தடைகள் மறுக்கவில்லை. வகைகளைத் தனித்தனிக் கூடங்களாகக் கருதாது, ஒவ்வோர் இணையையும் ஒரு தொடர்நிலையாகக் கொண்டு, தாம் அதன்கண் ஏறத்தாழ எங்கு நிற்கின்றோம் என்று வினவினால் இருதிறத்து உண்மையும் பேணப்படும்.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால், யுங்கின் கோட்பாடு அறிஞரிடையே நேர்ந்த மாறுபாட்டை விளங்கிக்கொள்ளும் முயற்சியாகத் தோன்றிற்று என்பதும், அது நாட்டத்தைக் குறிப்பதேயன்றித் திறனைக் குறிப்பதன்று என்பதும், அதன் வினாநிரல் வடிவம் அளவைக் கருவி என்னும் நிலையில் குறையுடையது என்பதும் பெறப்பட்டன. ஒருவர் தம்மை நோக்கிக் கேட்டுக்கொள்ளும் வினாவாக இருக்கும் வரையில் ஆளுமை வகை பயன் தரும். பிறர்மேற் சாற்றும் தீர்ப்பாக மாறிய அப்பொழுதே தீங்கு தரும். எனவே, இத்துறை நூல்களைக் கற்கும் மாணவர் தம் வகையின் பெயரை மனத்திற் கொள்ளுதலினும், தாம் பயிலாது விட்ட பகுதி யாது என்பதனைக் குறித்துக்கொள்ளுதல் மிக்க பயனுடைத்து.