விடியுமுன் இறங்கும் பால்

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், திற்பரப்பு பக்கத்துச் சரிவுகளில் கோழி கூவும் முன்பே ரப்பர் தோட்டங்களுக்குள் வெளிச்சம் நடமாடத் தொடங்கிவிடும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் போகிறார்கள் பால்வெட்டுபவர்கள். ஓரிரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிகளில் பலர் தாங்களே கத்தி பிடிப்பார்கள்.

இந்த நேரத்தைக் குறித்துக் கொடுப்பது மரம்தான். இரவில் இலை வழியே நீர் வெளியேறுவது குறைவு. வேர் உறிஞ்சிய நீர் மரத்திலேயே தங்குவதால், பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் அழுத்தம் ஏறி விடியலுக்கு முன் உச்சத்தைத் தொடுகிறது. கார் டயருக்குள் இருக்கும் அழுத்தத்தைப் போல அது சில மடங்கு! வெயில் ஏற ஏற அழுத்தம் இறங்கும், பாலும் குறையும்.

பால்வெட்டுபவர் முதலில், முந்தைய வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போடுகிறார். பிறகு இடது மேலிருந்து வலது கீழாகச் சாய்வாகக் கத்தியை இழுக்கிறார். பால்குழாய்கள் வலப்பக்கம் லேசாகச் சாய்ந்து ஏறுவதால், இந்தத் திசையில் வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் திறக்கும். சீவும் பட்டையின் கனம் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர். பட்டைக்கு உள்ளே இருக்கும் வளர்படலத்தில் கத்தி பட்டுவிட்டால் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பின்னாளில் அங்கே சரியாக வெட்டவே முடியாது. இருட்டில், நூற்றுக்கணக்கான மரங்களில், ஒவ்வொரு முறையும் கை பிசகாமல் செய்ய வேண்டிய வேலை இது.

சிரட்டையில் பால் சொட்டிக்கொண்டிருக்கும். சில மணி நேரத்தில் தானாகவே நிற்கும். பாலில் உள்ள நுண்பைகள் உடைந்து ரப்பர் துகள்களைத் திரட்டிக் குழாயின் வாயை அடைத்துவிடுகின்றன. மரத்தைச் சாகடிக்காமல், அதே காயத்தை மெல்லச் சீவித் திரும்பத் திரும்பப் பால் எடுக்கலாம் என்று 1890களில் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் காட்டியவர் ஹென்றி ரிட்லி. இன்றைய பால்வெட்டு அந்த வழியில் வந்ததுதான்.

பாலை வாளியில் சேர்த்து, வடிகட்டி, தண்ணீரும் பார்மிக் அமிலமும் கலந்து தட்டில் உறைய வைப்பார்கள். உறைந்ததை உருளையில் கொடுத்து ஷீட்டாக்கிப் புகையில் உலர்த்துவார்கள்.

நட்ட மரம் வெட்டுக்கு வர ஏழு வருடம் ஆகும். மழைக்காலத்தில் வெட்டுப்பட்டைக்கு மேல் பிளாஸ்டிக் பாவாடை கட்டாவிட்டால் அன்றைய பால் தண்ணீரோடு போகும். இலையுதிரும் மாதங்களில் மரத்துக்கு ஓய்வு. வெட்டுபவருக்கு வருமானம் இல்லை.

நன்றாக வெட்டத் தெரிந்த கைகள் இப்போது குறைந்துவருகின்றன. ரப்பர் வாரியம் பால்வெட்டுப் பயிற்சி நடத்துகிறது. தோட்டக்காரர்கள் புதியவர் கையில் கத்தியைக் கொடுக்கும் முன் அவரை அங்கே அனுப்பிவைக்க வேண்டும்.