கடலடிச் சேற்றில் மருந்து தேடி

காசநோயைக் குணப்படுத்த உதவிய ஸ்ரெப்ரோமைசின், 1943இல் மண்ணில் வாழும் ஒரு பக்ரீரியாவிலிருந்து கிடைத்தது. அதன்பின் பல ஆண்டுகள் ஆய்வாளர்கள் மண்ணையே கிளறிக்கொண்டிருந்தார்கள். கடலடியில் காணப்பட்ட இவ்வகைப் பக்ரீரியாக்கள் தரையிலிருந்து அடித்து வரப்பட்டவை என்றே பலர் எண்ணியிருந்தனர்.

கலிபோர்னியாவிலுள்ள ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தின் வில்லியம் ஃபெனிக்கல், போல் ஜென்சன் குழுவினர் இதை மாற்றினர். பஹாமாஸ் தீவுகளின் கடலடிச் சேற்றில் அவர்கள் கண்ட சலினிஸ்போரா என்னும் பக்ரீரியா, கடல்நீர் இல்லாமல் வளர மறுத்தது. ஆகவே அது கடலுக்கே உரியது. அது உருவாக்கும் சலினோஸ்போரமைட் என்ற பொருளைப் பற்றி 2003இல் அறிவித்தார்கள்.

எமது உடற்கலங்களுக்குள் பழுதான புரதங்களை உடைத்து அகற்றும் ஓர் அமைப்பு உண்டு. குப்பை அரைக்கும் இயந்திரம் என்று வைத்துக்கொள்வோம். அது நின்றுபோனால் கழிவு தேங்கிப் புற்றுநோய்க் கலம் இறந்துவிடும். சலினோஸ்போரமைட் இந்த இயந்திரத்தில் ஒட்டிக்கொண்டால் பிறகு விடுவதில்லை. அந்தப் பிடிக்கு உதவுவது அதிலுள்ள ஒரு குளோரின் அணு. அதைப் பக்ரீரியா கடலுப்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறது!

மூளைக்குள்ளும் செல்லக்கூடியது என்பதால், கிளையோபிளாஸ்ரோமா என்ற கொடிய மூளைப் புற்றுநோய்க்கு இது உதவும் என்று நாமெல்லாம் நம்பினோம். மரிசோமிப் என்ற பெயரில் 2018இல் பெரிய ஆய்வொன்று தொடங்கியது. 749 நோயாளர்கள் பங்குபற்றினர். வழமையான சிகிச்சையோடு இதைச் சேர்த்துக் கொடுத்தும் ஆயுள் நீளவில்லை, பக்கவிளைவுகளே கூடின. 2024இல் வெளியான இம்முடிவு, காத்திருந்த குடும்பங்களுக்குக் கசப்பானதுதான்.

ஆனால் கடல் வெறுங்கையோடு அனுப்பவில்லை. மென்திசுப் புற்றுநோய்க்கான ரபெக்ரெடின் 2007இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. கரிபியன் கடலின் சீலைப்பை போன்ற ஓர் உயிரியில் கண்டெடுக்கப்பட்ட இம்மருந்தை, உண்மையில் அதனுள் குடியிருக்கும் பக்ரீரியாவே செய்கிறது என்று பின்னர் தெரியவந்தது. இப்போது அந்த உயிரியைப் பிடிப்பதில்லை. வேறொரு பக்ரீரியாவைத் தொட்டிகளில் வளர்த்து, அது தரும் பொருளிலிருந்து மருந்தைச் செய்கிறார்கள்.

இவை நரம்பு வழியாக வைத்தியசாலையில் ஏற்றப்படும் கடுமையான மருந்துகள். கடைகளில் ‘கடல் சத்து’ என்று விற்கும் குளிசைகளுக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை. வீட்டில் எவருக்காவது புற்றுநோய் இருந்து, புதிய மருந்து ஆய்வில் சேரலாமா என்று யோசித்தால், சிகிச்சையளிக்கும் நிபுணரிடமே கேளுங்கள். சேர்ந்த பின்னரும் விரும்பிய நேரத்தில் விலகிக்கொள்ளலாம்.