அறுவை அரங்கில் தவறு நேர்ந்தால் யாரிடம் முறையிடுவது?
மாரிகுப்பம் தொழிலாளிக்கு விடை தராத சட்டங்கள்

புது தில்லி: அரசு மருத்துவமனையின் அறுவை அரங்கில் தவறு நேர்ந்தால் யாரிடம் முறையிடுவது? கோலார் தங்கவயலின் மாரிகுப்பத்தில் வாழும் ஏழைத் தமிழ்த் தொழிலாளிக்கு, இக்கேள்விக்கான எளிய விடை எந்தச் சட்டத்திலும் இல்லை.

பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டன. தொழிலாளர் குடும்பங்களுக்கு ஆதரவாக இருந்த நிறுவன மருத்துவமனையும் முடங்கியது. பல ஆண்டுகள் பூட்டிக்கிடந்த அக்கட்டடம், 2021-ல் கரோனா இரண்டாம் அலையின்போதுதான் சீரமைத்துத் திறக்கப்பட்டது. பெரிய அறுவைச் சிகிச்சை என்றால் கோலாருக்கோ, ரயிலேறி பெங்களூருக்கோ செல்ல வேண்டிய நிலை.

அடைபட்ட வழிகள்: மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால், அனைவருக்கும் இலவசமாகச் சிகிச்சை அளிக்கும் மருத்துவமனைகளுக்கு அது விலக்களித்தது. கர்நாடகம் 2017-ல் தனது சட்டத்தைத் திருத்தி, மாவட்ட அளவில் குறைதீர்ப்பு ஏற்பாடு செய்தது. அதுவும் தனியார் மருத்துவமனைகளுக்கு மட்டுமே. அரசு மருத்துவமனைகளையும் உள்ளடக்கிய 2010-ம் ஆண்டு மத்திய சட்டத்தை அம்மாநிலம் ஏற்கவில்லை. மருத்துவக் கவுன்சிலோ தனி மருத்துவரை மட்டுமே விசாரிக்கும்.

எஞ்சியிருப்பது நீதிமன்றம். அவுரங்காபாத் அரசு மருத்துவமனையில் 1963-ல் ஒரு பெண்ணின் வயிற்றுக்குள் துணியை வைத்துத் தைத்ததால் அவர் உயிரிழந்தார். இழப்பீட்டுக்கு அரசே பொறுப்பு என உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது 1996-ல்!

குறையும் தண்டனை: கடுமையான கவனக்குறைவு இருந்தால் மட்டுமே மருத்துவர் மீது குற்ற நடவடிக்கை என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. 2023 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பாரதிய நியாய சம்ஹிதா, கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் 5 ஆண்டுகள் வரை சிறை என்றது. சிகிச்சையின்போது நேர்ந்தால் மருத்துவருக்கு 2 ஆண்டுகள் வரை மட்டுமே. 2024 ஜூலை 1 முதல் இது நடைமுறையில் உள்ளது.

ஒரு தாள் போதும்: தண்டனை, தவறு நேர்ந்த பிறகு வருவது. தவறைத் தடுக்க உலக சுகாதார நிறுவனம் 2008-ல் 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. மயக்க மருந்து தருமுன், கத்தி படுமுன், நோயாளி அரங்கை விட்டு வெளியேறுமுன் என மூன்று கட்டங்கள். நோயாளி யார், எந்த உறுப்பு என்பதை உரக்கச் சொல்லி உறுதி செய்ய வேண்டும். துணி, கருவிகளின் எண்ணிக்கையைச் செவிலியர் அறிவிக்க வேண்டும். தில்லி உள்பட 8 நகரங்களில் நடந்த ஆய்வில் இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்ததாக 2009-ல் தெரியவந்தது.

அரங்கோடு கண்காணிப்பு முடிவதில்லை. சென்னையில் 2022-ல் மூட்டு அறுவைச் சிகிச்சைக்குப் பின் இறுக்கமான கட்டினால் ரத்த ஓட்டம் தடைபட்டு, 17 வயது கால்பந்து வீராங்கனை காலை இழந்து, பின்னர் உயிரையும் இழந்தார். இரு மருத்துவர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். ஆனால், கட்டை எப்போது, யார் தளர்த்துவது என்பது குழு முழுவதன் பொறுப்பு.

சரிபார்ப்புப் பட்டியலில் கையொப்பத்தைக் கட்டாயமாக்கி, அதன் நகலை நோயாளிக்கு வழங்கச் சட்டம் செய்தால், யார் எதைச் செய்தார் என்பதற்கு மாரிகுப்பம் தொழிலாளியின் கையிலும் ஆதாரம் இருக்கும். மருத்துவருக்கு எத்தனை ஆண்டு சிறை என்று முடிவு செய்த நாடாளுமன்றம், இதையும் முடிவு செய்யலாமே!