உள்நாட்டுப் போர்கள் நீள்வதேன்?

ஒரு நாட்டு மக்கள் தம்முள் இரு கூறாய்ப் பிரிந்து பொருதுவதே உள்நாட்டுப் போர். ஸ்பெயின் நாட்டில் அது மூன்றாண்டுகளுக்குள் முடிவுற்றது. கொலம்பியாவிலோ அரை நூற்றாண்டு நீடித்தது. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் யாது? இனப்பகை, தலைவர்களின் பிடிவாதம், அந்நியர் தலையீடு எனப் பலவும் கூறுவர். இவை போர் மூண்டதை விளக்கலாம். ஒன்று முடியவும் மற்றொன்று முடியாதிருக்கவும் காரணம் சொல்லப் போதா. இதனை ஆராய ஆப்பிரிக்காவின் அங்கோலாவும் மொசாம்பிக்கும் மிகப் பொருத்தமானவை.

இரண்டும் போர்த்துக்கீசியர் ஆண்ட நாடுகள். இரண்டும் 1975இல் விடுதலை பெற்றன. அங்கோலாவில் எம்.பி.எல்.ஏ. அரசை யுனிட்டா எதிர்த்தது. மொசாம்பிக்கில் பிரெலிமோ அரசை ரெனாமோ எதிர்த்தது. கிளர்ச்சிக்காரர் இரு சாராருக்கும் வெள்ளையர் ஆட்சியிலிருந்த தென்னாப்பிரிக்கா துணை நின்றது. ஆயினும் மொசாம்பிக்கின் போர் 1992இல் முடிந்தது. அங்கோலாவின் போர் 2002 வரை ஓயவில்லை.

முதற்கண் பணத்தை நோக்குவோம். அந்நியர் தலையீடே எல்லாவற்றுக்கும் காரணம் என்பார்க்கு அங்கோலாவே மறுமொழி. அரசுக்குத் துணைநின்ற கியூபாப் படை 1991இல் முற்றாக வெளியேறிற்று. தென்னாப்பிரிக்கப் படை அதற்கு முன்னரே விலகிற்று. போர் நின்றதா? இல்லை. அரசிடம் கடலடி எண்ணெய் இருந்தது. யுனிட்டாவின் கையில் வடகிழக்கின் வைர வயல்கள் இருந்தன. பிறர் காசில் நடந்த போர் தன் காலில் நிற்கக் கற்றுக்கொண்டது. ரெனாமோவுக்குத் தோண்டி விற்க வைரமில்லை. உதவிய கைகள் ஓய்ந்தன. 1992இல் கடும் வறட்சியும் சேர்ந்துகொண்டது.

ஆனால் பணத்தோடு நிறுத்திவிடுதல் தகாது. இரு நாடுகளுக்கிடையே போர் முடிந்தால் படைகள் தத்தம் எல்லைக்குத் திரும்பும். ஆயுதம் கையிலேயே இருக்கும். உள்நாட்டுப் போர் முடிந்தாலோ நாட்டுக்கு ஒரே படைதான். துப்பாக்கியை ஒப்படைத்தவன் நேற்றைய பகைவனின் சொல்லை நம்பியே இனி உயிர்வாழ வேண்டும். அவனுக்குப் பிணை யார்? இக்கேள்விக்கு விடை இல்லாதவிடத்து, போரில் களைத்தவனும் போரை விடமாட்டான்.

அங்கோலாவில் 1991 மே மாதம் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஆனால் படைகள் முற்றும் கலையுமுன்னரே, 1992 செப்டம்பரில் தேர்தலை நடத்திவிட்டனர். பன்னிரண்டு இலட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட நாட்டுக்கு ஐக்கிய நாடுகள் சபை அனுப்பிய இராணுவப் பார்வையாளர் சுமார் 350 பேர்! அதிபர் தோஸ் சாந்தோஸ் 49.6 விழுக்காடும், யுனிட்டா தலைவர் சவிம்பி 40.1 விழுக்காடும் பெற்றனர். சவிம்பி மோசடி என்றார். தலைநகர் லுவாண்டாவில் மூண்ட சண்டையில் யுனிட்டாவின் துணைத்தலைவர் கொல்லப்பட்டார். மறுசுற்று வாக்கெடுப்பு நடக்கவேயில்லை. 1994இல் லுசாகாவில் செய்த உடன்படிக்கையும் நிலைக்கவில்லை. 2002 பிப்ரவரியில் சவிம்பி களத்தில் மாண்ட பின்னரே போர்நிறுத்தம் வந்தது.

சவிம்பியின் பதவி வேட்கையை நான் மறுக்கவில்லை. ஆயின் ரெனாமோ தலைவர் த்லகாமாவும் துறவியல்லர். 1994 தேர்தல் தொடங்கும் வேளையில் அதனைப் புறக்கணிப்பதாக அறிவித்து, அயல்நாடுகள் வற்புறுத்தியபின் மனம் மாறியவர் அவர். வேறுபாடு ஏற்பாட்டில் இருந்தது. அங்கோலா தந்த பாடத்தைக் கண்ட ஐ.நா., மொசாம்பிக்குக்கு 6,000க்கு மேற்பட்ட வீரரை அனுப்பிற்று. தேர்தல் ஓராண்டு ஒத்திவைக்கப்பட்டது. முதலில் இரு தரப்பிலுமாக 70,000க்கு மேற்பட்டோர் படையிலிருந்து விடுவிக்கப்பட்டனர்; அவர்களுக்கு இரண்டாண்டு உதவித்தொகை வழங்கப்பட்டது. காட்டுப்படையாயிருந்த ரெனாமோ அரசியல் கட்சியாக மாறுவதற்கென்றே தனி நிதி ஒன்றும் திரட்டினர். இத்தாலி பெரும்பங்கு கொடுத்தது. இதனைக் கைக்கூலி என இகழ்ந்தோரும் உண்டு. என் கருத்தில் அது மிக மலிவான செலவு. தேர்தலில் ரெனாமோ தோற்றது. ஆயினும் 250 இடங்களில் 112 இடங்களைப் பெற்று நாடாளுமன்றத்துக்குச் சென்றது.

ரெனாமோ தன் வீரருள் ஒரு சிறு பகுதியினரை ஆயுதத்துடனேயே வைத்திருந்தது. 2013இல் அவர்களுக்கும் அரசுக்கும் மீண்டும் மோதல் எழுந்தது. 2019இல் புதிய உடன்படிக்கை ஏற்பட்டது. ரெனாமோவின் கடைசி முகாம் மூடப்பட்டது 2023இல்தான்.