ஸ்பிரிங்கா, ரப்பர் புஷ்ஷா? சறுக்குப் பலகை வாங்கும் முன் மேட்டைப் பாருங்கள்

(தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் ஆற்றிய உரையிலிருந்து)



சென்ற முறை பேசி முடிக்கும் நேரத்தில் ஓர் அம்மா தொலைபேசியில் வந்தார். நெகிரி செம்பிலான், லாபு பக்கத்தில் ஒரு தோட்டம். "ஐயா, என் மகன் சறுக்குப் பலகை கேட்டு ஒரு மாசமா நச்சரிக்கிறான். கடையிலே ஸ்பிரிங் வச்சது ஒண்ணு, வைக்காதது ஒண்ணு காட்டுனாங்க. ஸ்பிரிங் வச்சது வெலை கூட. எதை வாங்குறது?" என்று கேட்டார். நேரம் முடிந்துவிட்டதால் "விலை கூடியதையே வாங்குங்கள் அம்மா, அதுதான் நன்றாகத் திரும்பும்" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது. அவர் வீடு மேட்டில் இருக்கிறதா, சமதரையில் இருக்கிறதா என்று நான் கேட்கவே இல்லை. இன்று அந்தத் தவற்றைச் சரி செய்ய வந்திருக்கிறேன்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பேரிங் வண்டி நினைவிருக்கும். லோரி பட்டறையில் கழித்துப்போட்ட பேரிங் மூன்றோ நான்கோ, ஒரு பலகை, முன்னால் குறுக்குக் கட்டை, நடுவில் ஒரே ஒரு போல்ட். காலால் கட்டையைத் தள்ளினால் வண்டி திரும்பும். ஆலை மேட்டிலிருந்து லயத்து வாசல் வரை அது போடும் சத்தத்தில் கிராணி வீட்டு நாய் குரைக்கும். எங்கள் முழங்கால் தழும்புகளுக்கெல்லாம் அந்த நடு போல்ட்தான் பொறுப்பு.

சறுக்குப் பலகைக்கும் உயிர்நாடி அந்த நடு போல்ட்தான். பலகைக்குக் கீழே முன்னும் பின்னும் இரண்டு இரும்புப் பாகங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு டிரக் என்று பெயர். (நம் ஊர் லோரியை நினைத்துக்கொள்ளாதீர்கள்.) அடித்தட்டு, சக்கரத்தைத் தாங்கும் அச்சு, இரண்டையும் கோக்கும் போல்ட், போல்ட்டைச் சுற்றி இரண்டு புஷ். இவ்வளவுதான் டிரக். பேரிங் வண்டியில் அச்சு திரும்பும் புள்ளி செங்குத்தாக நின்றது. அதனால் காலால் தள்ளித்தான் திருப்ப வேண்டும். டிரக்கில் அது சாய்வாக வைக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் உடலைச் சாய்த்தால் பலகை சாயும். ஆனால் அச்சின் இரண்டு சக்கரங்களும் தரையை விட்டு எழும்ப முடியாது. ஆகவே அச்சு திரும்பியே ஆக வேண்டும். முன் டிரக்கும் பின் டிரக்கும் எதிரெதிராகப் பொருத்தப்பட்டிருப்பதால் ஒன்று உள்ளே திரும்ப, மற்றது வெளியே திரும்பும். பலகை வளைந்து ஓடும். சாய்ந்தால் திரும்பும் இந்த உத்தி அமெரிக்கரான ஜேம்ஸ் பிளிம்டன் 1863இல் காப்புரிமை பெற்ற சக்கரக் காலணியிலிருந்து வந்தது.

சாய்ந்த பலகையை மீண்டும் நேராக நிமிர்த்துவது யார்? அங்கேதான் புஷ்ஷும் ஸ்பிரிங்கும் வருகின்றன.

சாதாரண டிரக்கில் அந்த வேலையைப் புஷ் செய்கிறது. ரப்பர் மாதிரி இருக்கும், ஆனால் யூரித்தேன். அதன் கடினத்தைக் குறிக்க 78ஏ, 85ஏ, 95ஏ என்று எண் போட்டிருப்பார்கள். எண் கூடக் கூடக் கடினம் கூடும். 35 கிலோ எடையுள்ள பையனுக்கு 95ஏ கொடுத்தால் பலகை கல் மாதிரி நிற்கும், திரும்பாது. பையன் போல்ட்டைத் தளர்த்துவான். தளர்ந்த போல்ட்டால் வேகத்தில் பலகை ஆடும், பையன் விழுவான். பிறகு பலகை சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டை. புஷ்ஷை மாற்றியிருந்தால் போதும். அதன் விலையும் குறைவுதான். எடை ஏறிய பிறகு கடின புஷ் போட்டுக்கொள்ளலாம்.

இப்போது ஸ்பிரிங்குக்கு வருவோம். இதில் இரண்டு ஜாதி உண்டு. கடையில் இரண்டையும் ஒரே பெயரில் விற்பதால்தான் குழப்பம்.

முதல் வகையில் புஷ்ஷுக்குப் பதிலாக எஃகு ஸ்பிரிங். அமெரிக்காவின் சைஸ்மிக் நிறுவனம் இப்படிச் செய்தது. ஓட்டுபவரின் எடைக்கு ஏற்ற ஸ்பிரிங்கைக் கழற்றி மாட்டலாம். யூரித்தேன் போலச் சீக்கிரம் தளர்ந்து போகாது.

இரண்டாவது வகைதான் இளைஞர்கள் கேட்பது, கடலலைச் சறுக்கு மாதிரி வளைந்து வளைந்து போகும் பலகை. 1990களின் நடுவில் கலிபோர்னியாவின் வெனிஸ் பகுதியில் அலையில்லாத நாட்களில் அலைச்சறுக்கு மாதிரியே தெருவில் ஓட்ட ஆசைப்பட்ட கிரெக் ஃபால்க், நீல் கார்வர் என்ற இருவர் இதை உருவாக்கினார்கள். கார்வர் நிறுவனத்தின் சி7 என்ற டிரக்கில் முன்பக்கம் ஒரு தனிக் கை இருக்கிறது. அந்தக் கை பக்கவாட்டில் வீசித் திரும்பும்; ஸ்பிரிங் அதை நடுவுக்குக் கொண்டுவரும். பின் டிரக் சாதாரணமானது, விறைப்பாக நிற்கும். இதனால் முன்பக்கம் அளவுக்கு மேல் திரும்பும். தோளையும் இடுப்பையும் மாறி மாறித் திருப்பினால், காலைத் தரையில் ஊன்றித் தள்ளாமலே பலகை முன்னேறும். யாரும் தள்ளிவிடாமல் ஊஞ்சலில் தானாக உந்தி ஏறுகிறோமே, அதே கணக்கு. பார்க்க அழகு, உடம்புக்கும் நல்ல வேலை.

ஆனால் அம்மா, இங்கேதான் நான் உங்களுக்குத் தவறான பதில் சொன்னேன். அவ்வளவு தாராளமாகத் திரும்பும் முன் டிரக், இறக்கத்தில் வேகம் ஏறினால் தானாகவே இடவலமாக ஆடத் தொடங்கும். பழகாதவன் பயந்து உடலை விறைத்தால் ஆட்டம் இன்னும் கூடும். சமதரைக்குச் செய்த பொருள் அது. லாபு, ரந்தாவ், ரெம்பாவ் பக்கத்துத் தோட்டங்களில் சமதரை எங்கே இருக்கிறது? செம்மண் சாலை மேடும் பள்ளமுமாகப் போகும். தார் போட்ட இடத்தில் செம்பனை லோரி போகும்; போன பிறகு உதிரிப் பழம் கிடக்கும். ஒரு பழம் சக்கரத்துக்கு முன்னால் மாட்டினால் பலகை நிற்கும், பையன் நிற்க மாட்டான்.

வீடு மேட்டில் என்றால் ஸ்பிரிங் கை வேண்டாம். கார்வரிலேயே சிஎக்ஸ் என்று புஷ் மட்டும் வைத்த டிரக் இருக்கிறது. ஓரளவு உந்தும், அதிகம் ஆடாது. ஆனால் அதுவும் இறக்கத்துக்குச் செய்ததல்ல. கொஞ்சம் இறக்கத்திலும் ஓட்டுவான் என்றால் நீளப் பலகைக்குரிய சாதாரண டிரக்கே நல்லது. அதில் அடித்தட்டின் கோணத்தைக் கேளுங்கள். 50 பாகை என்றால் சற்றுச் சாய்ந்தாலே நிறையத் திரும்பும். கோணம் குறைந்தால் வேகத்தில் நிதானம். முன்னால் கூடிய கோணம், பின்னால் குறைந்த கோணம் என்று வைத்தால் திரும்பவும் திரும்பும், ஆடவும் ஆடாது. அச்சின் அகலம் பலகையின் அகலத்தை ஒட்டி இருக்கட்டும்.

சக்கரம் பெரிதாக, மெதுவாக இருக்க வேண்டும்: 65 முதல் 70 மில்லிமீட்டர், 78ஏ அளவு. தந்திரம் செய்வதற்கான 52 மில்லிமீட்டர் கடினச் சக்கரம் சிறு கல்லுக்கே நின்றுவிடும். பெரிய சக்கரம் சாயும்போது பலகையின் அடியில் உரசினால் திடீரென்று பிடித்துக்கொள்ளும். கடையிலேயே ஏறி நின்று இரண்டு பக்கமும் முழுதாகச் சாய்த்துப் பாருங்கள். உரசினால் டிரக்குக்கும் பலகைக்கும் இடையில் கனமான ரப்பர் அட்டை வைக்கச் சொல்லுங்கள்.

பெயர் பெற்ற நிறுவனத்தின் ஸ்பிரிங் பலகை ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டும். மலிவான போலிகளும் நிறைய. முன் கையைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் வேண்டாம். நம் ஊர் மழைக்கும் செம்மண் தூளுக்கும் ஸ்பிரிங் சீக்கிரம் துருவேறும். நனைந்தால் அன்றே துடைத்து, கையில் இருக்கும் பேரிங்குக்குக் கிரீஸ் வையுங்கள்.

இன்னொரு நேயர், பெண் பிள்ளைக்கு இது தேவையா என்று கேட்டார். மாமல்லபுரத்து மீனவக் குடும்பத்துச் சிறுமி கமலியைப் பற்றி 2019இல் ஓர் ஆவணக் குறும்படமே வந்திருக்கிறது. 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியில் மலேசியாவுக்காகச் சறுக்குப் பலகையில் இறங்கிய ஃபாத்தின் ஷாஹிராவுக்கு வயது 9. இதற்கு மேல் நான் பதில் சொல்லத் தேவையில்லை.

சாலையில் மட்டும் விடாதீர்கள். 2017 பிப்ரவரி 18ஆம் தேதி அதிகாலையில் ஜொகூர் பாருவில் மாற்றியமைத்த சைக்கிள்களோடு சாலையில் இருந்த 8 பதின்ம வயதுப் பிள்ளைகள் கார் மோதி இறந்தார்கள். அது சைக்கிள், இது பலகை என்று சமாதானம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பலகைக்கு பிரேக்கும் கிடையாது.

லாபு அம்மாவுக்கு என் திருத்திய பதில் இது. தோட்டத்துப் பூப்பந்துத் திடலில் சிமெண்டுத் தரை இருந்து, அங்கே மட்டும்தான் ஓட்டுவான் என்றால் ஸ்பிரிங் வாங்குங்கள். இல்லையென்றால் புஷ் வைத்த சாதாரண டிரக்கை வாங்கி, மிச்சப்படும் பணத்தில் தலைக்கவசமும் முழங்கால், முழங்கை, மணிக்கட்டுக் காப்பும் வாங்குங்கள். ஏற்கெனவே ஸ்பிரிங் பலகையை வாங்கிவிட்டீர்கள் என்றால் திருப்பிக் கொடுக்கப் பாருங்கள். முடியாவிட்டால், முன் டிரக்கைக் கழற்றி அதில் சாதாரண டிரக்கைப் பொருத்த முடியுமா என்று கடையில் கேளுங்கள். அதுவரைக்கும் அந்தப் பலகை மேட்டுப் பக்கம் போக வேண்டாம்.