திருத்தி விளையாடவும்

'டாங்கி காங்' ஆட்டத்தில் குரங்கு, பாலீன் என்ற பெண்ணைத் தூக்கிக்கொண்டு உச்சியில் போய் நிற்கும். மரியோ ஏணி ஏறி, உருண்டு வரும் பீப்பாய்களைத் தாண்டிப் போய் அவளை மீட்க வேண்டும். 2013இல் அமெரிக்காவில் மூன்று வயதுக் குழந்தை ஒன்று, இதை மாற்றி விளையாட முடியாதா, பாலீன் போய் மரியோவைக் காப்பாற்றக் கூடாதா என்று அப்பாவிடம் கேட்டது. அப்பா மைக் மிக்கா, வீடியோ கேம் உருவாக்குவதையே தொழிலாகக் கொண்டவர். இரவோடு இரவாக உட்கார்ந்து வேலை பார்த்தார். மறுநாள் மகள் பாலீனாக ஏணி ஏறினாள். உச்சியில் மாட்டிக்கொண்டு நின்றது மரியோ.

இப்படிப் பழைய ஆட்டத்தைத் திறந்து மாற்றும் வேலைக்கு 'ரோம் ஹேக்' என்று பெயர். ஒரே ராத்திரியில் இது எப்படி முடிந்தது என்று கேட்பவர்களுக்கு அந்த ஆட்டத்தின் கேசட்டுக்குள் என்ன இருக்கிறது என்று காட்டினால் போதும். டீ ஆறுவதற்குள் சொல்லிவிடலாம்.

உள்ளே ரோம் என்கிற நினைவகச் சிப் இருக்கிறது. நின்டென்டோ தன் வீட்டுக் கருவிக்காக 1983இல் வெளியிட்ட 'டாங்கி காங்' மொத்தமே 24 கிலோபைட். இன்று ஃபோனில் எடுக்கும் ஒரு படத்தில் நூறில் ஒரு பங்குகூட வராது. அதில் 16 கிலோபைட் ஆட்டத்தை நடத்தும் நிரல், மீதி 8 கிலோபைட் படங்கள். படங்கள் எல்லாம் எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்ட சின்னச் சின்னச் சதுரங்களாக இருக்கும். ஒரு சதுரத்துக்கு 16 பைட். கணக்குப் போட்டால் மொத்தம் 512 சதுரங்கள். மரியோ ஒரு நிலையில் நிற்பதற்கு நான்கு சதுரம், ஓடுவதற்கு இன்னும் சில, சுத்தியலைத் தூக்குவதற்கு வேறு சில. மிக்கா அந்தச் சதுரங்களில் மரியோவை அழித்துவிட்டு பாலீனை வரைந்தார். நடப்பது, குதிப்பது, விழுவது எல்லாம் நிரலின் பொறுப்பு. தான் யாரைச் சுமக்கிறோம் என்று நிரலுக்குத் தெரியாது.

சதுரத்துக்குள் நிறமும் கிடையாது. ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 3 வரை ஓர் எண் மட்டும் இருக்கும். 0 என்றால் பின்னால் இருப்பது தெரியும். 1, 2, 3 என்றால் எந்த நிறம் என்பது வேறோர் இடத்தில் எழுதியிருக்கும். 1985இல் வந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' விளையாடியவர்கள் அதன் மேகத்தையும் தரையிலுள்ள புதரையும் ஒரு முறை உற்றுப் பாருங்கள். இரண்டும் ஒரே படம். வெள்ளை பூசினால் மேகம், பச்சை பூசினால் புதர். இடம் போதாத நிலையில் அந்தக் காலத்து ஆட்கள் பிடித்த சிக்கனம் இது. ரோம் ஹேக் செய்கிறவர் முதலில் கற்றுக்கொள்வது இந்தச் சிக்கனத்தைத்தான். என் அனுபவத்தில், ஆட்டத்தைப் பத்து வருஷம் விளையாடியவரைவிட அதில் நான்கு சதுரத்தை மாற்றியவருக்கு அதை எழுதியவரின் மனசு கூடுதலாகப் புரிகிறது.

சரி, மாற்றியாயிற்று. மற்றவர்களுக்கு எப்படிக் கொடுப்பது? முழு ஆட்டத்தையும் கொடுத்தால் அது நின்டென்டோவின் சொத்தை அள்ளிக் கொடுப்பதாகிவிடும். அதனால் ரசிகர்கள் மாற்றத்தை மட்டும் தனியாக எடுத்துக் கொடுக்கிறார்கள். அதற்குப் பேட்ச் என்று பெயர். பழைய தமிழ்ப் புத்தகங்களின் கடைசியில் ஒரு துண்டுத் தாளை ஒட்டியிருப்பார்கள்: பக்கம் இத்தனை, வரி இத்தனை, இப்படித் திருத்தி வாசிக்கவும். பேட்ச் அச்சாக அதுவேதான். ஐபிஎஸ் என்ற பழைய வடிவத்தைத் திறந்து பார்த்தால், முதல் ஐந்து பைட்டில் 'பேட்ச்' என்ற ஆங்கிலச் சொல்லே இருக்கும். அப்புறம் மூன்று பைட்டில் ஓர் இடத்தின் முகவரி, இரண்டு பைட்டில் நீளம், அதன் பின்னால் அந்த இடத்தில் எழுத வேண்டியவை. இப்படியே அடுத்த திருத்தம், அதற்கடுத்த திருத்தம். கடைசியில் முடிந்தது என்று மூன்று எழுத்து. புத்தகம் கையில் இல்லாதவருக்குத் திருத்தத் தாளால் பயனில்லை. சொந்த கேசட்டிலிருந்து ரோமைப் படித்து எடுத்து வைத்திருப்பவருக்குத்தான் பேட்ச் பயன்படும். பேட்ச் எழுதியவர் காசும் கேட்பதில்லை. இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன்.

படத்தை மாற்றுவது ஆரம்பப் பாடம். மொழிபெயர்ப்புக்கு வந்தால்தான் வேலையின் ஆழம் தெரியும். ஷிகெசாட்டோ இட்டோய் எழுதிய 'மதர் 3' 2006இல் ஜப்பானில் மட்டும் வெளிவந்தது. ஆங்கிலத்தில் வரும் வரும் என்று காத்திருந்து சலித்த ரசிகர்கள் தாங்களே மொழிபெயர்க்க உட்கார்ந்தார்கள். தலைமை தாங்கிய கிளைட் மாண்டலின் தொழில்முறை மொழிபெயர்ப்பாளர். 2008 அக்டோபரில் பேட்ச் வெளிவந்தது.

வசனத்தை மொழிபெயர்ப்பது அதில் பாதி வேலை. ஜப்பானிய எழுத்துகள் எல்லாம் ஒரே அகலக் கட்டத்துக்குள் உட்காரும். ஆட்டத்தின் நிரலும் அந்தக் கணக்கில் எழுதப்பட்டது. ஆங்கிலத்தில் ஒல்லியான எழுத்தும் உண்டு, அகலமான எழுத்தும் உண்டு. ஒரே கட்டத்தில் வைத்தால் எழுத்துக்கு எழுத்து இடைவெளி விழுந்து படிக்கவே முடியாது. ஆகவே ஒவ்வோர் எழுத்தின் அகலத்தையும் பார்த்து அடுத்ததை நெருக்கி வைக்கிற நிரலைப் புதிதாக எழுத வேண்டும். அந்த ஆட்டம் ஓடும் கருவியின் திரையோ 240க்கு 160 புள்ளிதான். அடுத்த சிக்கல் நீளம். ஜப்பானியத்தில் நான்கு எழுத்தில் முடிவது ஆங்கிலத்தில் பதினைந்தாக நீளும். ரோமுக்குள் வசனங்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. ஒன்று நீண்டால் அடுத்ததை மிதிக்கும். எனவே வசனத்தைக் காலியான இடத்துக்குக் கொண்டுபோய் வைத்து, எந்த வசனம் எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் முகவரிப் பட்டியலையும் திருத்த வேண்டும். ஒரு முகவரி தவறினால், கண்ணீர்விடும் கட்டத்தில் கடைக்காரரின் விலைப் பேச்சு வந்து நிற்கும்.

தமிழில் ஓர் ஆட்டத்தைக் கொண்டுவர நினைப்பவருக்கு இது இன்னும் கடினம். 'ர'வும் 'ணௌ'வும் ஒரே கட்டத்துக்குள் அடங்காது. எட்டுக்கு எட்டுப் புள்ளியில் 'ஞை' எழுதிப் பாருங்கள், தெரியும். முடியாத காரியமில்லை. யாராவது செய்ய வேண்டும் என்று மனசார ஆசைப்படுகிறேன்.

மாண்டலின் 2013இல் தன் மொழிபெயர்ப்பை நின்டென்டோவுக்கு இலவசமாகவே தரத் தயார் என்று வெளிப்படையாகச் சொன்னார். அந்தக் கம்பெனியின் ஆங்கில 'மதர் 3' வரவேயில்லை. 'செய்கென் டென்செட்சு 3' என்ற இன்னொரு ஜப்பானிய ஆட்டம் வந்தது 1995இல். அதன் அதிகாரபூர்வ ஆங்கிலப் பதிப்பு 2019இல். நடுவே இருபது வருஷத்துக்கு அந்தக் கதையை ஆங்கிலத்தில் உயிரோடு வைத்திருந்தது நீல் கார்லெட்டும் நண்பர்களும் செய்த பேட்ச்.

வேகத்தை மாற்றியவர்களும் இருக்கிறார்கள். சூப்பர் நின்டென்டோ என்ற கருவியில் ஓடும் 'கிராடியஸ் 3'இல் திரை முழுக்கக் குண்டும் குமிழியும் நிறைந்ததும் ஆட்டம் நொண்டத் தொடங்கும். கருவியின் மூளை அதிகபட்சம் 3.58 மெகாஹெர்ட்ஸ், அதனால் இழுக்க முடியவில்லை. பிரேசிலைச் சேர்ந்த விட்டோர் விலேலா 2019இல் அதற்கு ஒரு வழி செய்தார். 'சூப்பர் மரியோ ஆர்பிஜி' போன்ற சில கேசட்டுகளுக்குள் நின்டென்டோவே எஸ்ஏ-1 என்று ஒரு துணைச் சிப்பை வைத்திருந்தது. அதன் வேகம் 10.74 மெகாஹெர்ட்ஸ். 'கிராடியஸ் 3'ஐ அந்தச் சிப்பில் ஓட வைப்பது என்று இறங்கினார். சிப்பை மாற்றினால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். கருவியின் சொந்த நினைவகத்தை எஸ்ஏ-1 தொட முடியாது. கப்பல் எங்கே இருக்கிறது, குண்டு எங்கே பறக்கிறது என்று ஆட்டம் குறித்து வைக்கும் ஒவ்வொன்றையும் கேசட் பக்கத்து நினைவகத்துக்கு இடம் மாற்ற வேண்டும். அதைக் கேட்கிற ஒவ்வொரு கட்டளையையும் தேடிப் பிடித்துத் திருத்த வேண்டும். மூல நிரலைப் பார்க்காமல், எண்களிலிருந்தே அதை மீட்டுப் படித்துச் செய்தார். இப்போது அந்த ஆட்டம் நொண்டாமல் ஓடுகிறது.

நம் ஊரில் டிவியில் மாட்டி விளையாடிய '9999 இன் 1' கேசட்டுகளிலும் ரோம் ஹேக் இருந்தது. பட்டியலில் பேர் நீண்டுகொண்டே போகும், உள்ளே இருப்பது சில ஆட்டங்கள்தான். ஒன்று நேராக மூன்றாவது கட்டத்தில் தொடங்கும், இன்னொன்றில் லைஃப் கூடுதலாக இருக்கும். அது வியாபாரத்துக்காகச் செய்தது. நான் சொல்லிக்கொண்டிருக்கும் ரசிகர்களோடு அதைச் சேர்க்க மாட்டேன்.

சட்டம் என்ன சொல்கிறது? 'கேம் ஜீனி' என்ற கருவியை கேசட்டுக்கும் பெட்டிக்கும் நடுவே செருகினால், ஆட்டம் ஓடும்போது சில எண்களை மாற்றிக் கொடுக்கும். அதை விற்ற கலூப் கம்பெனியோடு நின்டென்டோ வழக்காடித் தோற்றது; மேல்முறையீட்டு நீதிமன்றமும் 1992இல் கலூப் பக்கமே நின்றது. பேட்ச் விஷயம் அவ்வளவு தெளிவில்லை. 'க்ரோனோ ட்ரிகர்' ஆட்டத்துக்குத் தொடர்ச்சியாக ரசிகர்கள் பல வருஷம் உழைத்து 'கிரிம்சன் எக்கோஸ்' செய்தார்கள். வெளியிடும் தறுவாயில், 2009 மே மாதம் ஸ்கொயர் எனிக்ஸ் கம்பெனியிடமிருந்து நிறுத்தச் சொல்லிக் கடிதம் வந்தது. நிறுத்திவிட்டார்கள். கம்பெனிக்கு உரிமை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தன் ஆட்டத்தை இவ்வளவு நுணுக்கமாகப் படித்த ஆட்களை அப்படி அனுப்பியது தவறு என்றே நினைக்கிறேன். சோனிக் ஆட்டங்களின் சொந்தக்காரரான சேகா கம்பெனி வேறு மாதிரி நடந்துகொண்டது. அந்த ஆட்டங்களைப் பிரித்து மேய்ந்து பழகிய ரசிகர்களையே அழைத்து 2017இல் 'சோனிக் மேனியா'வைச் செய்ய வைத்தது. ரசிகர்கள் கொண்டாடினார்கள்.

வீட்டில் யாராவது முயன்று பார்க்க நினைத்தால் இரண்டு விஷயம். மூல ரோமின் நகல் ஒன்றைத் தொடாமல் தனியே வையுங்கள். பேட்ச் எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது என்று பாருங்கள். ஜப்பான் பதிப்புக்கு எழுதியது அமெரிக்கப் பதிப்பில் பொருந்தாது. பழைய சூப்பர் நின்டென்டோ கோப்புகள் சிலவற்றின் தலையில் 512 பைட் கூடுதலாக ஒட்டியிருக்கும். அதைக் கவனிக்காமல் ஐபிஎஸ் பேட்ச் போட்டால் எல்லாத் திருத்தமும் 512 இடம் தள்ளிப் போய் விழும், ஆட்டம் கறுப்புத் திரையோடு நின்றுவிடும். பிபிஎஸ் என்ற புதிய வடிவம் கோப்பு சரியானதா என்று முதலிலேயே சோதித்துவிடும். கிடைத்தால் அதையே எடுங்கள்.

முதல் பயிற்சிக்கு 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' நல்லது. ஆட்டம் தொடங்கும்போது எத்தனை லைஃப் என்பது அதில் ஒரே பைட், மதிப்பு 2. திரையில் ஒன்றைக் கூட்டி 3 என்று காட்டும். அந்த 2 இருக்கும் இடத்தில் 8 எழுதிவிட்டு ஆட்டத்தைத் தொடங்கினால், கறுப்புத் திரையில் மரியோவுக்குப் பக்கத்தில் 9 என்று வரும்.